நம் சங்கத்தின் இணைய முகவரியும் ஒரு பொய்ப் பில்லும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் பேசுவதே வழக்கம். நிர்வாகக் குழு இவ்வாண்டு நம்மிடம் ஒப்படைத்திருப்பதோ பில், ரசீது, பாக்கி சம்பந்தமான விஷயம். நாட்டியத்துக்குக் குழந்தைகள் சலங்கை கட்டிக்கொண்டு காத்திருப்பதை நாமும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகையால் வேறு பீடிகையின்றி விஷயத்துக்கு வருகிறோம்.

நம் சங்கத்துக்கு ஓர் இணையதளம் உண்டென்பது யாவரும் அறிந்ததே. தமிழ் வகுப்பு நடக்கும் நேரம், பொங்கல் விழாப் படங்கள், சங்கத்தைத் தோற்றுவித்த பெரியோர்களின் புகைப்படம் ஆகியவை அதில் இருக்கின்றன. அவற்றோடு இன்னொரு பக்கமும் இருக்கிறது. காலனியில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்துவிட்டால் சடங்கு செய்விக்க யாரைக் கூப்பிடுவது, வண்டிக்கு யாரிடம் சொல்வது, மயானத்தில் எழுதிக் கொடுக்க இந்தி நன்கு அறிந்தவர் யார் என்று தொலைபேசி எண்களோடு போட்டிருக்கும் பக்கம் அது. புதிதாக மாற்றலாகி வந்த குடும்பத்துக்கு அந்தப் பக்கத்தின் அருமை நடு இரவில்தான் தெரியும்.

2019ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து 2020 ஜனவரிக் கடைசி வரை அந்தப் பக்கம் இல்லாமற் போயிற்று. தளமே இல்லாமற் போயிற்று. அது எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சொல்லவே இங்கு நிற்கிறோம். அப்போது காரியதரிசியாக இருந்த அன்பர் இதோ பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய சம்மதத்தைப் பெற்றுக்கொண்டுதான் பேசுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இணைய முகவரி, அதாவது டொமைன் பெயர் என்பது ஒருமுறை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் சொத்தன்று. தபால் நிலையத்தில் போஸ்ட் பாக்ஸுக்கு வாடகை கட்டுவது போல, ஆண்டுக் கணக்கில் பணம் கட்டி வைத்திருப்பது. ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குக் கட்டலாம். இதனைப் பதிந்து கொடுக்கும் கம்பெனிகளுக்குப் பதிவாளர் என்று பெயர். நம் முகவரி எந்தப் பதிவாளரிடம் பதிவாகியிருக்கிறதோ அவரிடமே புதுப்பிக்க வேண்டும். அல்லது முறைப்படி வேறொருவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். நம் போன்ற முகவரிக்கு அன்று ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல் ஆகாது.

2019 நவம்பரில் சங்கத்தின் மின்னஞ்சலுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. நம் இணைய முகவரி தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. காலாவதி அறிவிப்பு என்று தலைப்பு. பில் நம்பர் இருந்தது. கடைசித் தேதி சிவப்பில் இருந்தது. 86 டாலர் கட்ட வேண்டுமென்று இருந்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ரூ. 6,200. தவறினால் உங்கள் தளத்தை யாரும் தேடிக் கண்டுபிடிக்க இயலாது என்று எச்சரிக்கையும் இருந்தது. நிர்வாகக் குழு கூடிற்று. பொங்கல் நெருங்குகிறது, தளம் நின்றுவிடக் கூடாது என்று எல்லோரும் சொன்னோம். காரியதரிசி தம் சொந்தக் கார்டில் கட்டினார். சங்கத்திலிருந்து பணத்தைத் திருப்பித் தர வவுச்சர் எழுதினோம். அந்த வவுச்சரில் ஐந்து கையெழுத்துக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று நம்முடையது.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் தளம் மறைந்தது. நமக்கோ சந்தேகமே எழவில்லை. பணம் கட்டியாயிற்று, ரசீதும் இருக்கிறது, ஏதோ கோளாறு, சரியாகிவிடும் என்றிருந்தோம். அந்தக் கம்பெனிக்கு மூன்று முறை எழுதினோம். மூன்று முறையும் மரியாதையாகப் பதில் வந்தது: உங்களுக்கு நாங்கள் அளிக்கும் சேவை நடப்பில் இருக்கிறது, கவலை வேண்டாம் என்று!

குட்டை உடைத்தவள் பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நம் காலனிப் பெண். "மாமா, அந்த லெட்டரை ஒரு தடவை காட்டுங்கள்" என்று வாங்கிப் படித்தாள். "அடியில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது, பார்த்தீர்களா?" என்று கேட்டாள். இது பில் அன்று, வேண்டுமானால் ஏற்கலாம், வேண்டாமானால் விடலாம், இணையத் தேடல் பொறிகளில் உங்கள் முகவரியைச் சேர்த்து வைப்பதற்கான கட்டணம் மட்டுமே, பெயர்ப் பதிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அதில் எழுதியிருந்தது. கூகுள் முதலிய தேடல் பொறிகள் யாரிடமும் காசு வாங்காமல் தாமாகவே தளங்களைக் கண்டு சேர்த்துக்கொள்பவை. அப்படியானால் அந்த 86 டாலருக்கு நாம் வாங்கியது யாது? ஒன்றுமில்லை.

பெயரைப் புதுப்பிக்கும்படி உண்மையான பதிவாளர் எழுதவே இல்லையா என்று கேட்பீர்கள். எழுதினார். காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும், காலாவதியான பிறகும் ஒருமுறை அறிவிக்க வேண்டும் என்று, உலகளவில் டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பு பதிவாளர்களுக்கு விதி வகுத்திருக்கிறது. அவ்விதப்படியே கடிதங்கள் போயின. போன இடந்தான் வேறு. முதன்முதலில் பெயரைப் பதிந்தவர் பழைய காரியதரிசி. தம் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்திருந்தார். அவர் ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிக்குப் போய்விட்டார். அந்த மின்னஞ்சலை அவர் திறந்து மாதங்கள் பல ஆகியிருந்தன. பொய்க் கடிதம் நம் வாசலைத் தேடி வந்தது. மெய்க் கடிதம் தாமிரபரணிக் கரையில் பிரிக்கப்படாமல் கிடந்தது. மாற்றலே வாழ்க்கையாகிவிட்ட நம் போன்றோரின் சங்கங்களில் இது நேராமலிருந்தால்தான் ஆச்சரியம்.

கெடு கடந்த முகவரியைப் பதிவாளர்கள் உடனே பிறருக்கு விற்றுவிடுவதில்லை. சிலகாலம் சாதாரணக் கட்டணத்திலேயே மீட்கலாம். அதன் பிறகு ஏறத்தாழ ஒரு மாதம் பெருந்தொகை அபராதத்தோடு மீட்கலாம். அதுவும் தீர்ந்தால் எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார். நாம் அபராதக் காலத்தில் போய் விழுந்தோம். திருநெல்வேலிப் பெரியவர் பழைய மின்னஞ்சலைத் திறந்து, ரூ. 7,000க்கு மேல் கட்டி மீட்டுக் கொடுத்தார்.

இதற்கிடையில், ஜனவரி மாதக் குளிரில், விஜயவாடாவிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வாரமே ஆன ஒரு குடும்பத்தில் வயோதிகத் தாயார் இரவு இரண்டு மணிக்குக் காலமானார். சங்கத்தின் பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். தேடினார்கள். பக்கம் திறக்கவில்லை. விடியும் வரை பிள்ளை ஒருவராகவே அம்மையாரின் அருகில் உட்கார்ந்திருந்தார். காலையில் பால்காரர் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. போய்ச் சேர்ந்தோம், ஆக வேண்டியவற்றைச் செய்தோம். அவர் நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காரியதரிசி ரூ. 6,200ஐயும் தம் கையிலிருந்து சங்கத்துக்குத் திருப்பிக் கட்டிவிட்டார். வேண்டாமென்று நம்மில் எவரும் சொல்லவில்லை. அதன் பிறகு இரண்டாண்டு காலம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. ஐந்து கையெழுத்துப் போட்ட வவுச்சருக்கு ஒருவர் தலையில் பழியைச் சுமத்திவிட்டோம். சென்ற ஆண்டு பொதுக்குழுவில் அந்தத் தொகையை அவருக்கே திருப்பித் தரத் தீர்மானம் நிறைவேறியது. அவர் அதை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

குட்ஸ் ஆபீஸில் இருபது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் நமக்கு இதில் தனி வெட்கம் உண்டு. அசல் ஆர்.ஆர். காட்டாமல் ஒரு மூட்டையைக் கூட வெளியே விடமாட்டோம். தொலைந்துவிட்டது என்றால் இண்டெம்னிடி பாண்டு எழுதிக் கேட்போம். நம்பரை லெட்ஜரில் ஒத்துப் பார்ப்போம். அதே மனிதர்கள் மாலையில் சங்கத்துக்கு வந்து, எந்த லெட்ஜரையும் பாராமல் அயல் நாட்டுப் பில்லொன்றுக்குக் கையெழுத்துப் போட்டோம். ஒத்துப் பார்க்க நம்மிடம் லெட்ஜரே இல்லை என்பதுதான் உண்மை. நம் பதிவாளர் யார், எந்தத் தேதி வரை பணம் கட்டியிருக்கிறது, கட்டிய தொகை எவ்வளவு என்ற மூன்றும் அந்த அறையிலிருந்த ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அக்கடிதம் அரை நிமிஷத்தில் குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். அந்த வஞ்சகர்கள் நம்பியிருந்தது நம் அறியாமையை மட்டுமே.

இது புதிய தந்திரமுமன்று. டொமைன் வைத்திருப்போருக்குத் தபாலிலேயே பில் போன்ற காகிதத்தை அனுப்பி, புதுப்பிப்பு என்று நம்ப வைத்துத் தன்னிடம் மாற்றிக்கொண்ட ஒரு கம்பெனியின் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2003ஆம் ஆண்டிலேயே நடவடிக்கை எடுத்தது. பெயர் பதிந்தவரின் விலாசமும் தொலைபேசியும் அக்காலத்தில் எவர் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் திறந்து கிடந்தன. ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பின்னரே பெரும்பாலும் மறைக்கப்பட்டன. ஆயினும் நம் தளத்தின் அடியில் நாமே மின்னஞ்சலைப் போட்டிருக்கிறோமே!

அந்த ஆண்டுக்குப் பிறகு வந்த கடிதங்களையெல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறோம். படித்தால் பொழுது போகும். சீனாவிலிருந்து ஒரு பதிவாளர் என்று எழுதுகிறார்: உங்கள் சங்கத்தின் பெயரை ஒரு கம்பெனி தன் பெயராகப் பதிய வந்திருக்கிறது, உங்கள்மேல் உள்ள மரியாதையால் முதலில் உங்களைக் கேட்கிறோம், உடனே நீங்களே பதிந்துகொள்ளுங்கள் என்று. நம் சங்கத்தின் பெயரைச் சீனத்தில் யார் கேட்கிறார்கள்! நம்மைப் பயமுறுத்தித் தேவையில்லாத முகவரிகளைக் கூடுதல் விலைக்கு விற்பதே நோக்கம். பதில் போடாமலிருந்தால் போதும்.

கூகுளில் முதற் பக்கத்தில், முதலிடத்தில் கொண்டுவருகிறோம், உத்தரவாதம் என்று தொலைபேசியில் பேசுவோர் பலர். முதலிடத்துக்கு எவரும் உத்தரவாதம் தர இயலாது என்று கூகுளே தன் வழிகாட்டிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. விளம்பரம் என்று குறிப்பிட்ட இடங்களைத் தவிர, தேடல் வரிசையில் முன்னே வரக் காசு வாங்குவதுமில்லை. கூகுள் வரைபடத்தில் சங்கத்தின் பெயர் இருக்கக் கட்டணம் கேட்டாலும் பொய், அது இலவசம். உங்கள் தளத்தில் 43 பிழைகள் என்று பட்டியல் அனுப்புவார்கள். இயந்திரம் தானாகத் தயாரிக்கும் பட்டியல் அது. எந்தத் தளத்துக்கும் ஒன்று தயாரித்துவிடும். வீட்டில் சிறு வியாபாரம் செய்யும் சகோதரிகள், முறுக்கு, அப்பளம், புடவை விற்கத் தளம் வைத்திருப்பவர்கள், இதில் மிகவும் கவனமாயிருக்க வேண்டும். இவர்களுள் சிலர் நூற்றுக்கணக்கான உதவாக்கரைத் தளங்களிலிருந்து நம் தளத்துக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அவ்விதம் விலைக்கு வாங்கிய இணைப்புகளால் வரிசையில் முன்னேற முயலும் தளங்களைக் கூகுள் 2012 முதல் கடுமையாகப் பின்னுக்குத் தள்ளி வருகிறது. காசும் போய், இருந்த இடமும் போகும்.

இன்னொரு வகை, பார்வைக்கு நமக்கு லாபம் போலத் தோன்றுவது. உங்கள் தளத்தில் ஒரு கட்டுரை போட்டுக்கொள்ள 20 டாலர் தருகிறோம் என்கிறார்கள். கட்டுரைக்குள் பார்த்தால் சூதாட்டத் தளம் ஒன்றுக்கு வழி வைத்திருக்கும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடுக்கப் பார்லிமெண்ட் 2025இல் சட்டமே இயற்றியிருக்கிறது. தமிழ் வகுப்பு அட்டவணைக்குப் பக்கத்தில் சூதாட்டமா?

எல்லாவற்றிலும் ஆபத்தானது பயமுறுத்தும் கடிதம். என் புகைப்படத்தைத் திருடிப் போட்டிருக்கிறீர்கள், வழக்குத் தொடுப்பேன், ஆதாரம் இந்த இணைப்பில் இருக்கிறது என்று தளத்தின் தொடர்புப் படிவம் வழியாகவே வரும். இணைப்பைத் திறந்து இறக்கினால் கம்ப்யூட்டருக்குள் வேவுக் கிருமி புகும். இவ்விதம் நடப்பதை 2021 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எச்சரித்தது. விழாப் படங்களைப் பலரிடமிருந்தும் வாங்கிப் போடும் நம் போன்றவர்களுக்கு நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். திக்கென்றாலும் திறக்க வேண்டாம். படம் எது என்று கடிதத்திலேயே எழுதச் சொல்லிக் கேட்டால் உண்மையானவர் எழுதுவார்.

பணம் போய்விட்டதென்று தெரிந்தால் அன்றைக்கே பாங்குக்குச் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியுங்கள். நாம் ஒன்றரை மாதம் மௌனமாயிருந்தோம். அதனால் பாங்கிலும் வழக்காட இடமில்லாமற் போயிற்று. போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று பிறகொருவர் வருவார். அவரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே.

இப்போது செய்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறோம். நூலக அலமாரியில் இரண்டாம் தட்டில் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. பதிவாளரின் பெயர், காலாவதித் தேதி, கட்டிய தொகை, ரசீது நம்பர் ஆகியவை அதில் எழுதியிருக்கின்றன. கடவுச்சொல் அதில் இல்லை. அது தலைவரிடமும் பொருளாளரிடமும் தனித்தனியே உறையிலிட்டு இருக்கிறது. பதிவு இப்போது எவருடைய சொந்த மின்னஞ்சலிலும் இல்லை. சங்கத்தின் பொது மின்னஞ்சலில் இருக்கிறது. காரியதரிசி மாற்றலாகிப் போகும்போது பீரோச் சாவியோடு அந்த நோட்டையும் எண்ணிச் சார்ஜ் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். முகவரிக்கு 2029 டிசம்பர் வரை பணம் கட்டியாயிற்று. அதற்கு முன் புதுப்பிக்கச் சொல்லி எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் பச்சை நோட்டைப் பாருங்கள். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் பின்வரிசையில் இருக்கும் நம் பழைய காரியதரிசியைக் கேளுங்கள். இவ்விஷயத்தில் இன்று காலனியில் அவரைவிடத் தேர்ந்தவர் இல்லை.