புத்தி சொல்வதற்கும் ஒரு படிப்பா?



கோலார் தங்கவயலின் லைன் வீடொன்றில் வளர்ந்த பெண், குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் உளவளத்துணை புரியும் கல்வியைப் பயில விரும்பினால், பெரியவர்களாகிய நாம் என்ன சொல்கிறோம்? "புத்தி சொல்வதற்கும் ஒரு படிப்பா?" என்று கேட்கிறோம். புத்தி சொல்வதில் நம்மவர்க்கு என்றுமே குறைவில்லை, கேட்பதில்தான் குறை.

சுரங்கம் நடந்த காலத்தில் ஆபத்து நிலத்தடியில் இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. பாறை வெடித்தால் வீடுகள் அதிரும். அச்சத்தை ஊரே பகிர்ந்துகொள்ளும். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் நம்மவர் பல்லாயிரவர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் சென்று திரும்புகின்றனர். குழந்தை விழிக்குமுன் தந்தை புறப்படுகிறார். அது உறங்கியபின் வீடு சேர்கிறார். இந்தத் துயரை ஒவ்வொரு வீடும் தனித்தே சுமக்கிறது. தாராவியிலோ பத்ராவதியிலோ வாழும் நேயர்களுக்கும் இது புதிதன்று.

பத்து வயதுச் சிறுவன் பள்ளிக்குச் செல்ல மறுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நாம் அடிக்கிறோம், அல்லது மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம். இக்கல்வி பயின்றவரோ, மறுப்பு எப்போது தொடங்கிற்று, அம்மாதத்தில் வீட்டில் என்ன நேர்ந்தது, இரவில் யார் யாருடன் பேசுகிறார் என்று வினவுவார். பேசாத பிள்ளையை விளையாடவும் படம் வரையவும் விடுவார். கேட்டதைப் பிறரிடம் சொல்லமாட்டார். பிள்ளைக்குத் தீங்கு நேருமென்றால் மட்டுமே அதற்கு விலக்கு. ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டில் கேட்கும் நம் லைன்களில் இது சிறிய காரியமன்று!

குடும்பத்தை விலக்கி வைத்து மனத்தைத் தேற்ற இயலாது என்பதை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி செயலிற் காட்டிற்று. 1957இல் பாகாயத்தில் அதன் மனநல நிலையம் திறக்கப்பட்டது. டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அதனை உருவாக்கினார். நோயாளியுடன் உறவினரும் தங்குவது அங்கு வழக்கம். அங்குள்ள நம்பிக்கை நிலையத்தில், வளர்ச்சிக் குறையுள்ள பிள்ளைகளைப் பழக்கும் முறையைத் தாய்மார் உடனிருந்து கற்கின்றனர். தாயைக் குற்றவாளியாக்காது துணையாக்கும் அம்முறையே நம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது.

மருத்துவம் பயிலாதவருக்கும் வழியுண்டு. தாம்பரம் கிறித்துவக் கல்லூரி, லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் ஆகியவற்றில் சமூகப்பணி முதுகலை பயிலலாம். இரண்டாண்டுப் படிப்பு, வகுப்போடு களப்பணியும் உண்டு. இதனை முடித்தோர் பெருஞ்சம்பளம் பெறுவர் என்று நாம் சொல்லமாட்டோம். வீட்டார் தயங்குவதன் காரணமும் பெரும்பாலும் அதுவே. அதனைக் குறை கூறவும் நமக்கு மனமில்லை. எனினும் கன்னடப் பள்ளியில் பயின்று, வீட்டில் தமிழில் அழும் பிள்ளையின் சொல்லை உள்ளபடி உணர, அவ்வீட்டு மொழியறிந்தவரே வேண்டும்.

விருப்பமுள்ள பெண்ணை ஒருமுறையேனும் வேலூருக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள். பங்காருப்பேட்டையில் ரயிலேறினால் காட்பாடியில் இறங்கலாம். வட ஆர்க்காட்டிலிருந்து நம் பாட்டனார் பலர் தங்கவயலுக்கு வந்த திசையும் அதுதான்.