மரத்துப்போன பாதங்களும் கோதுமை ரொட்டியும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவ உதவிக் கணக்கைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தார் பணித்தனர். கணக்கு ஆண்டறிக்கையில் அச்சாகியுள்ளதால், எங்கள் இல்லத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல அனுமதி பெற்றோம். நோயுற்றவர்கள் எம் துணைவியார். அவர்களின் இசைவுடனேயே சொல்கிறோம்.

வளைகுடாவில் பத்தாண்டுகள் வாழ்ந்து 2013ஆம் ஆண்டு ஊர் திரும்பினோம். அங்கே காலையிலும் குபூஸ், இரவிலும் குபூஸ். ஊருக்கு வந்த பின்னும் சர்க்கரை நோய் வந்துவிடுமோ என்னும் அச்சத்தால் இரவு உணவு சப்பாத்தியாகவே தொடர்ந்தது. துணைவியாருக்கு உண்டவுடன் வயிறு உப்பும். அடிக்கடி வயிற்றுப்போக்கு. உடல் மெலிந்தது. எல்லாவற்றையும் வாயு என்று ஒதுக்கினோம். பின்னர் இரு பாதங்களும் மரத்தன; விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. ஒரு நாள் ஸுப்ஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்தபோது, வெந்நீரின் சூடு தெரியாமலேயே கால் கொப்பளித்துவிட்டது. அன்றுதான் நாங்கள் அஞ்சினோம்.

சர்க்கரை பார்த்தோம், இல்லை. தைராய்டு பார்த்தோம்; சரியாக இருந்தது. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் நரம்புக்குப் பி12 ஊசியும் பல மாதங்கள் நடந்தன. ஓதியும் பார்த்தோம். துஆவை நாங்கள் குறை கூறவில்லை, இன்றும் கேட்கிறோம். ஆனால் எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வயிற்று மருத்துவரிடம் கால் மரத்ததைச் சொல்லவில்லை, அது வேறு நோய் என்று எண்ணினோம். நரம்பு மருத்துவரிடம் வயிற்றுப்போக்கைச் சொல்ல வெட்கப்பட்டோம். இரண்டையும் ஒரே மேசையில் ஒருவரும் வைக்கவில்லை.

இந்நிலையில் உறவினர் ஒருவர், "கோதுமையை நிறுத்திப் பாருங்கள்" என்றார். நிறுத்தினோம். வயிறு அடங்கியது. பிறகு சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனைக்குச் சென்றோம். இல்லை என்று முடிவு வந்தது. மீண்டும் இருட்டு. ஓராண்டு கழித்து வேறொரு மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இரத்தம் கொடுத்தபோது கோதுமை உண்டுகொண்டிருந்தீர்களா?"

சகோதரர்களே, இதைத்தான் சொல்ல வந்தோம். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. சீலியாக் நோயுள்ளவரின் உடல் அதனைப் பகையாகக் கருதி, தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்கின்றன. இரும்பும் உயிர்ச்சத்துகளும் உடலில் சேர்வதில்லை. சிலருக்கு நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன. வயிற்றுத் தொல்லையே இல்லாமல் நரம்புக் கோளாறு மட்டும் தோன்றுவதும் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர நரம்பியல் மருத்துவர் மாரியோஸ் ஹஜிவசிலியூவும் அவருடன் பணியாற்றியோரும் 1996ஆம் ஆண்டிலேயே குளூட்டனுக்கும் காரணம் தெரியாத நரம்புக் கோளாறுகளுக்கும் உள்ள தொடர்பை எழுதினர். இரத்தப் பரிசோதனை தேடுவது அந்தத் தாக்குதலின் அடையாளமான எதிர்ப்பொருளை. கோதுமையை நிறுத்திவிட்டால் அது குறைந்து மறைகிறது, பரிசோதனையும் ஏமாற்றிவிடுகிறது.

ஆகவே மருத்துவர் சொற்படி மீண்டும் ஆறு வாரங்கள் நாள்தோறும் கோதுமை உண்ண வேண்டியதாயிற்று. துன்பம் தரும் என்று தெரிந்தே ரொட்டியைச் சுட்டு அவர்கள் முன் வைத்தோம். எங்கள் வாழ்வில் அவ்வளவு கனமான ஆறு வாரங்கள் வேறில்லை. 2017ஆம் ஆண்டு டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்னும் பரிசோதனையில் நோயின் அடையாளம் தெளிவாக வந்தது. உடன் மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் பார்த்தனர், சிலருக்கு அது பிறவியிலேயே குறைவாக இருந்து முடிவைப் பொய்யாக்கும் என்றார் மருத்துவர். பின்னர் எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலிலிருந்து சில துணுக்குகள் எடுத்துப் பார்த்து உறுதி செய்தனர்.

கால் மரத்தவர் அனைவரும் இந்நோயாளிகள் என்று எண்ணிவிடக் கூடாது. நம்மிடையே அதற்கு முதற்காரணம் சர்க்கரை நோய். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். 23,331 பேரைச் சோதித்து 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், இந்நோய்க்கான எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினரிடமும், தென்னாட்டில் 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. நம் பகுதியில் அரிதுதான். அரிது என்பதாலேயே எவரும் தேடுவதில்லை என்பதும் உண்மை.

இதற்கு மருந்து குளூட்டன் உள்ள உணவை அறவே விடுவதே. ஆனால் நோய் உறுதியான பிறகு, மருத்துவர் சொன்ன பிறகு. அரிசி உண்ணும் நமக்கு இது எளிது போலத் தோன்றும். இட்லி, இடியாப்பம், நோன்புக் கஞ்சி, வட்டிலப்பம் எல்லாம் ஆகும். ஆனால் கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது! இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு மூன்று மாதங்கள் ஆயின. சாம்பார்ப் பொடியின் உறையையும் படித்தே வாங்குகிறோம். வயிறு சில மாதங்களில் சீரானது. நரம்பு அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. கைவிரல்கள் மீண்டுவிட்டன, அல்ஹம்துலில்லாஹ். இடது பாத விரல்களில் இன்னும் முழு உணர்வு வரவில்லை. முன்னரே தெரிந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கும் பார்த்தோம், அவர்களுக்கு இல்லை.

நிறைவாக ஒரு விளக்கம். வலீமா விருந்துகளில் நால்வர் ஒரு சஹனில் அமரும்போது எம் துணைவியார் மட்டும் தனித்தட்டில் உண்கிறார்கள். ஒரே சஹனில் பரோட்டாவின் துணுக்கு விழுந்தாலும் அவர்களுக்கு ஆகாது. இதைப் பெருமை என்று சிலர் பேசியதாகக் கேள்விப்பட்டோம். காரணம் இதுதான். விருந்தளிப்போர் பிரியாணியைத் தனிக் கரண்டியால் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டால் போதும், அவர்கள் சஹனுக்கு அருகிலேயே அமர்ந்துகொள்வார்கள்.