நீர்ப்பறவையும் நிழற்படமும்

மார்கழி, தை மாதங்களில் மன்னார்த் தீவை நோக்கிச் செல்வோர், தெருவின் இரு மருங்கும் பரந்து கிடக்கும் ஆழமற்ற நீரிலே நீர்ப்பறவைகள் கூட்டங் கூட்டமாக இரை தேடுவதைக் காணலாம். வட ஆசியாவிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளும், பூநாரைகளும், கொக்கினங்களும் அங்கே கூடுகின்றன. அப்பகுதியிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010 ஆம் ஆண்டில் றம்சார் சாசனத்தின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இத்தகைய இடங்களுக்குக் கமராவுடன் செல்வோர் தொகை இந்நாளில் பெருகி வருகின்றது. ஆயினும், அவர்களுட் பலர் கொண்டு வரும் படங்களிலே கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாகவும், நீர்க்காகம் வெறும் கருநிழலாகவும் காட்சியளிப்பதன் காரணம் யாது?

கமராவுக்குக் கொக்கும் தெரியாது; காகமும் தெரியாது. தன்முன் உள்ள காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமெனக் கொண்டே அது ஒளியை அளவிடுகின்றது. கரிய நீரின் நடுவே சிறிய வெண்கொக்கு நிற்குமாயின், கமரா நீரின் கருமையைக் கண்டு ஒளியை மிகுதியாக உட்கொள்ளும். கொக்கின் இறகு வெளிறிவிடும். அப்பொழுது ஒளியளவை ஏறத்தாழ ஒரு படி, அதாவது பாதியாக, குறைத்தல் வேண்டும். ஒளிமிக்க வானிலே நீர்க்காகம் பறக்கும்போது நிலைமை நேர்மாறானது; அங்கே ஒளியளவைக் கூட்டுதல் வேண்டும். அதே வெண்கொக்கு படம் முழுவதையும் நிறைத்து நிற்குமாயினும் சற்றுக் கூட்டவே வேண்டும். ஆகவே, பறவையின் நிறத்தை மட்டுமன்றி, படச்சட்டத்தை எது நிறைக்கின்றது என்பதையும் நோக்குதல் அவசியம்.

ஆண் ஊசிவால் வாத்து இக்கலைக்கு நல்லதொரு பரீட்சை. அதன் தலை கரும்பழுப்பு; மார்போ தூய வெண்மை. இவ்விரண்டில் வெண்மையைக் காப்பதே முதற் கடன். இலக்கமுறைக் கமராவில் நிழலிற் புதைந்த விவரத்தைப் பின்னர் ஓரளவு மீட்கலாம். முற்றாக வெளிறிப்போன வெண்மையை மீட்டல் இயலாது. காலை இளவெயில் இத்தொல்லையைப் பெரிதும் தணிக்கும். பூமத்தியரேகைக்கு அண்மையிலுள்ள நம் நாட்டிலே கதிரவன் விரைந்து மேலெழுவதால், அந்நல்லொளி நெடுநேரம் நில்லாது. வெயில் ஏறினால் நிலத்திலிருந்து எழும் வெப்ப அலைகள் தூரத்துப் பறவையின் உருவையும் கலக்கிவிடும். பறக்கும் பறவையைத் தெளிவாகப் பிடிப்பதற்கு 1/1000 செக்கனோ அதனினும் குறைந்த நேரமோ தேவை.

இனி, அமைப்பு. நின்றபடி கீழ்நோக்கி எடுத்த படத்திலே பறவை சேற்றோடு சேறாகத் தோன்றும். கமராவைப் பறவையின் கண்மட்டத்துக்குத் தாழ்த்தினால் பின்னணி தொலைவிற் கலங்கி, பறவை தனித்துத் துலங்கும். கண் கூர்மையாக இருத்தல் வேண்டும். பறவை நோக்குந் திசையிலே வெளி விடுதல் வேண்டும். நீரிலே விழும் பிம்பத்தைப் பாதியில் வெட்டுதல் ஆகாது.

இவ்வளவும் கைவந்த பின்னரும் ஒன்று எஞ்சியுள்ளது. 1911 ஆம் ஆண்டில் எம்மா ரேணர் என்னும் அம்மையார், இங்கிலாந்தின் நோர்போக் சதுப்பு நிலத்திலே கூட்டுக் குஞ்சாக இருந்த ஒரு நாணற்கொக்கைப் படமெடுத்தார். அந்நாட்டிற் குஞ்சு பொரிப்பதை விட்டொழிந்ததெனக் கருதப்பட்ட இனம் மீண்டும் பெருகத் தொடங்கியமைக்கு அப்படம் சான்றாயிற்று. நல்ல நிழற்படம் அழகுப் பொருள் மாத்திரமன்று, அது சாட்சியமுமாகும்.

ஆனால், சாட்சியம் தேடுவோன் தீங்கு செய்தல் தகாது. பல்லாயிரம் மைல் பறந்து வந்த வாத்து, இங்கே உண்டு சேர்க்கும் கொழுப்பைக்கொண்டே திரும்பிப் பறக்க வேண்டும். சிறகு விரிந்த காட்சிக்காகக் கல்லெறிந்து கூட்டத்தை எழுப்புவோன், அதன் வழியுணவைப் பறிக்கின்றான். மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் ஒருங்கே தலைநிமிர்த்தி நோக்குமாயின், அதுவே எல்லை. அங்கே நிற்க வேண்டும். இயலுமாயின் ஓரடி பின்வாங்கவும் வேண்டும். அசையாது அமர்ந்திருப்பவனைப் பறவைகள் சிறிது நேரத்தில் மறந்துவிடும். அதன்பின் அவை தாமாகவே நெருங்கி வருதலும் உண்டு. பொறுமையுள்ளவனுக்கு அவ்வாறு கிடைக்கும் படத்திலே அச்சமற்ற பறவையின் இயல்பு இருக்கும். துரத்தி எடுத்த படத்திலே அதன் முதுகுதான் இருக்கும்.