சிசுவின் சருமமும் அணையாடையும்

பிறந்த ஊரை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடித்தனம் நடத்தும் நமக்கு, வீட்டில் குழந்தை பிறந்ததும் இரண்டு பக்கத்திலிருந்து யோசனைகள் வந்து சேருகின்றன. ஊரிலிருந்து தாயாரோ மாமியாரோ நல்லெண்ணெய், பயத்தம் மாவு, சாம்பிராணி என்று சொல்லியனுப்புவார்கள். அடுத்த வீட்டு அம்மாள் கடுகெண்ணெய் தேய்த்து, கடலை மாவில் உப்டன் பிசைந்து உடம்பெல்லாம் உருட்டச் சொல்வாள். இரண்டிலும் பிரியம் உண்டு. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே.

சிசுவின் சருமம் நம்முடையதைவிட மெல்லியது. உள்ளிருக்கும் நீர் அதன் வழியே எளிதில் வெளியேறும். மேலே தடவுவதும் எளிதில் உள்ளே புகும். வளர்ந்தவர் சருமத்தில் இயல்பாகவே சிறிது புளிப்புத்தன்மை உண்டு. கிருமிகளைத் தடுக்கும் வேலி அது. பிறந்த குழந்தைக்கு அவ்வேலி சில வாரங்களில்தான் மெல்ல உண்டாகிறது. மேனியில் வெண்ணெய்போல் ஒட்டியிருக்கும் பூச்சும் அழுக்கன்று. அதைத் தேய்த்தெடுத்தல் வேண்டா. முதற் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிவைக்குமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இனி, தொடையிடுக்கு வெந்து சிவப்பதற்கு வருவோம். ஈரத்தில் ஊறிய சருமம் நொய்ந்து, துணி உராய்ந்தாலே தேய்ந்துபோகும். அதன்மேல் மலமும் சிறுநீரும் கலந்து கிடந்தால், மலத்திலுள்ள கிருமிகள் சிறுநீரிலிருந்து அம்மோனியாவை உண்டாக்கும். அதனால் புளிப்பு வேலி அழியும். மலத்தில் எஞ்சியிருக்கும் செரிமானப் பொருள்கள் சருமத்தையே அரிக்கத் தொடங்கும். ஆகவே, அணையாடை எத்தகையது என்பதைவிட, நனைந்தபின் எவ்வளவு நேரம் இடுப்பில் இருந்தது என்பதே முக்கியம்.

இந்த நேரக் கணக்குதான் வெளியூரில் நமக்குத் தவறிவிடுகிறது. தில்லியில் மார்கழி, தை மாதத்து இரவில் குழந்தையின் போர்வையை நீக்கவே கை அஞ்சுகிறது. விடியட்டும் என்று விட்டுவிடுகிறோம். மூடுபனி நாட்களில் துவைத்த துணி உலர்வதில்லை. மும்பையின் ஆடி மழையிலும் இதே கதை. தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றும் துணியிலும் ஈரம் ஒளிந்திருக்கும். இஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை தேய்த்தால் அது போய்விடும். மாற்றுத் துணி, பஞ்சு, இளஞ்சூட்டு நீர் இவற்றைப் படுக்கையருகே ஆயத்தமாக வைத்துக்கொண்டால், குழந்தை குளிரில் நடுங்குமுன் மாற்றி முடித்துவிடலாம். கடையில் வாங்கும் டயப்பருக்கும் விலக்கில்லை. 12 மணி நேரம் தாங்கும் என்று உறைமேல் அச்சிட்டிருப்பது டயப்பரின் திறத்தைச் சொல்வதேயன்றிக் குழந்தையின் தோலைச் சொல்வதன்று. இரண்டு மூன்று மணிக்கொரு முறை பார்த்தல் வேண்டும். மலங்கழித்தால் உடனே மாற்றுதல் வேண்டும்.

கழுவுவதற்கு வெந்நீரும் வேண்டா, ஒவ்வொரு முறையும் சோப்பும் வேண்டா. இளஞ்சூட்டு நீரே போதும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். தேய்க்காமல் ஒற்றியெடுத்து, பத்து நிமிஷம் காற்றுப்பட விட்டு, தேங்காயெண்ணெய் சிறிது தடவலாம். தில்லிக் குளிரில் அது கல்லாய் உறைந்துவிடும்; குப்பியை வெந்நீரில் வைத்தால் இளகும். சிவந்திருந்தால் துத்தநாகக் களிம்பைத் தாராளமாய்ப் பூசுக. மறுமுறை அழுக்கை மட்டும் நீக்கினால் போதும். பழைய களிம்பைச் சுரண்டியெடுக்க வேண்டியதில்லை. பவுடர் வேண்டவே வேண்டா. அதன் தூள் குழந்தையின் நுரையீரலுக்குள் போகும். கடுகெண்ணெய் வடநாட்டில் தலைமுறைகளாக வழங்குவது. அதைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும் சிசுவின் சருமத்தை அது உறுத்தக்கூடும். மாவு தேய்த்து உருட்டுவதும் அப்படியே.

அணையாடைக்கென்று பாட்டியின் பழைய நூல்புடவையை ஊரிலிருந்து கிழித்தனுப்புவது நம்மவர் வழக்கம். அதைவிட மெத்தென்ற துணி கிடைப்பது அரிது. ஆனால் அது பாச்சை உருண்டை போட்ட பெட்டியில் இருந்ததா என்று கேட்டறிந்துகொள்வது அவசியம். நாஃப்தலீன் உருண்டையின் ஆவி துணியில் ஏறி, சருமத்தின் வழியும் மூச்சின் வழியும் குழந்தைக்குள் செல்லும். ஜி6பிடி என்னும் நொதி குறைவாயுள்ள குழந்தைகளுக்கு அதனால் சிவப்பணுக்கள் சிதைந்து, மஞ்சட்காமாலை கடுமையாகி, மூளையையும் பாதிக்கலாம். அந்நொதி நம் குழந்தைக்குக் குறைவா என்பது பார்த்துத் தெரிவதன்று. மணம் வீசும் துணி எவ்வளவு அருமையானதாயினும் குழந்தைக்கு ஆகாது. பெட்டியிலிருந்து எடுக்கும் கம்பளிச் சட்டைக்கும் இதுவே விதி.

காற்றுப்பட விட்டுக் களிம்பு பூசியும் இரண்டு மூன்று நாட்களில் சிவப்புத் தணியாவிட்டால், அல்லது மடிப்புகளுக்குள்ளே செக்கச் சிவந்து சுற்றிலும் சிறு புள்ளிகள் தோன்றினால், பூஞ்சை பற்றியிருக்கலாம். அதற்கு வேறு மருந்து உண்டு. இங்கே ஓர் ஆபத்து. மருந்துக் கடையில் சொல்லிக் கேட்டால், பூஞ்சை மருந்தும் கடுமையான ஸ்டீராய்டும் கலந்த குழாயொன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு நாளில் சிவப்பு மறையும். ஆனால் மூடிய அணையாடைக்குள் ஸ்டீராய்டு மிகுதியாய் உடலில் சேர்ந்து, தோலை மெலிவித்து வளர்ச்சியையும் கெடுக்கலாம். 2018ஆம் ஆண்டில் மைய அரசு இத்தகைய ஸ்டீராய்டுப் பூச்சுகள் பலவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளோடு சேர்த்தது. ஆயினும் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது.

சீழ்க்கொப்புளமோ காய்ச்சலோ கண்டால், அதிலும் ஒரு மாதம் நிரம்பாத குழந்தை பால் குடிக்க மறுத்தால், அன்றிரவே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அதுவரை பூசிய குழாய்களையும் குப்பிகளையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. வைத்தியர் அவற்றைப் பார்த்தே அறிந்துகொள்வார். வேற்று மொழியில் விளக்க முயன்று நாம் தடுமாற வேண்டியதில்லை.