வில்லும் உடுக்கையும் கொக்கரையும்

இன்று கேரளத்தில் உள்ள பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஊர்களையும் தமிழகத்தின் குமரி மாவட்டத்தையும் 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை இரண்டாகப் பிரித்தது. சாமியை வரவழைக்கும் கருவிகள் அந்த எல்லைக்குக் கட்டுப்படவில்லை.

அவற்றுள் மிகவும் தனித்தன்மை கொண்டது, நெய்யாற்றின்கரைக்கு வடகிழக்கே அகத்தியமலைப் பகுதியில் வாழும் காணிக்காரர்களின் கொக்கரை. இரும்புத் தகட்டைக் குழல்போலச் சுருட்டி, அதன் விளிம்பை அரம்போல வெட்டியிருப்பார்கள். இரும்புக் கம்பியால் அந்தப் பற்களின் மேல் உரசினால் ‘கறகற’ என்று ஒலி எழும். நோய் தீரவும் தீங்கு விலகவும் பிலாத்தி எனப்படும் பூசாரி இரவு நேரத்தில் சாற்றுப்பாட்டு பாடும்போது, இந்த ஒலிதான் துணை. தோலும் இல்லை, நரம்பும் இல்லை. தாளம் மட்டும் விடாமல் ஓடுகிறது.

சமவெளிக்கு வந்தால் வில்லுப்பாட்டு. சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில்களின் ‘கொடை’ எனப்படும் திருவிழாக்களே அதன் சொந்தக் களம். வளைந்த நீண்ட வில்லில் மணிகள் தொங்கும். அதன் நாணை வீசுகோலால் அடித்துப் பாடுவார்கள். வில்லோடு சேர்த்துக் கட்டிய குடத்தின் வாயில் தட்டையான மட்டையால் அறைந்தால் அடித்தொனி கிடைக்கும். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை வாசிப்பவர் இறுக்கும்போது சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் மனிதக் குரலின் விம்மலை ஒத்திருக்கும்.

கொடையில் பாட்டு வெறும் கதையாக நிற்பதில்லை. அநியாயமாக மாண்டவரின் சாவைப் பாடும் கட்டம் நெருங்க நெருங்கத் தாளம் முடுகுகிறது. சாமியாடுபவரான கோமரத்தாடியின் மேல் அருள் வந்து இறங்குகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட நூல், சாவின் கதைக்கும் சாமியாட்டத்துக்கும் உள்ள இந்த உறவை விரிவாக ஆராய்கிறது. ஆடுபவரின் உடலைக் கவனித்தே வில்லுக்காரர் வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார். கலையின் உயிர் இங்கேதான்.

இதே வில் மேடைக்கும் வானொலிக்கும் வந்தது. நாகர்கோவிலில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தியின் கதையை வில்லில் பாடினார். அவரோடு இணைந்து பணியாற்றிய சுப்பு ஆறுமுகம், இந்தக் கலையை வானொலி நேயர்களிடம் பரவலாகக் கொண்டுசென்றார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். சாமியாட்டம் இல்லாத மேடையில் நகைச்சுவையும் அறிவுரையும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இழப்பு உண்டென்றாலும், கலை பரவியதும் உண்மை.

சடங்குக் கருவிகளை மேடைக்குக் கொண்டுவரும் இப்படிப்பட்ட முயற்சிகள் உலக அளவிலும் நடந்தன. அமெரிக்கத் தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட், சைபீரியப் பூசாரிகளின் பறை உள்ளிட்ட சடங்கு முழவுகளைத் தேடிப் படித்து 1990-இல் ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டே ‘பிளானட் டிரம்’ இசைத்தொகுப்பை வெளியிட்டார். உலக இசைக்கென வழங்கப்பட்ட முதல் கிராமி விருது அதற்குக் கிடைத்தது. அதில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம்.

கருவியின் ஒலியை மட்டும் வெட்டி எடுத்து மின்னணு இசையில் ஒட்டுவது இன்று எளிது. ஆனால் கொடையின் ஒலி ஓர் இரவு முழுவதும் மெல்ல மெல்லக் கட்டப்படுவது. அதைப் பதிவுசெய்ய விரும்பும் இளைஞர்கள் ஊராரிடமும் பாடுவோரிடமும் அனுமதி பெற்று, தொடக்கம் முதல் விடியல்வரை முழுமையாகப் பதிவுசெய்து, அந்த ஊருக்கும் ஒரு பிரதியைக் கொடுக்க வேண்டும்.