வாரம் ஒரு முறை உண்ணும் மாத்திரை

(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மெதோட்ரெக்ஸேட் என்னும் மருந்தைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறோம். உடலில் புதிய உயிரணுக்கள் உண்டாக ஃபோலிக் அமிலச் சத்து இன்றியமையாதது. அச்சத்தை அணுக்கள் பயன்படுத்தாதவாறு இம்மருந்து தடுக்கிறது. விரைந்து பெருகும் புற்றணுக்கள் மடிகின்றன. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களின் குழுவினர் அமெரிக்காவில் ஆக்கிய இவ்வின மருந்தொன்றைக் கொண்டே, 1947-இல் பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்தார்.

இன்று மூட்டுவாதத்திற்கும் சோரியாசிஸ் தோல்நோய்க்கும் இதனைச் சிறு அளவில் தருகின்றனர். ஆபத்து இங்கேதான் உள்ளது. அந்நோய்களுக்கு வாரத்தில் ஒரே நாள்தான் இதை உண்ண வேண்டும். தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உண்டாவது குன்றும். உயிருக்கே இறுதி நேரலாம்.

ஆகவே சந்தை கூடும் நாள் போன்று மறவாத நாளொன்றைக் குறித்துக் கொள்ளுங்கள். மருத்துவர் தரும் ஃபோலிக் அமில மாத்திரையை வேறு நாளில் உண்ணுங்கள். இரண்டும் மஞ்சளாக இருப்பதுண்டு, மாற்றி எடுத்துவிடாதீர்கள். குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை அவசியம். மது கூடாது. கர்ப்பிணிகள் இதை உண்ணலாகாது. வாய்ப்புண், காய்ச்சல், வறட்டிருமல், மூச்சுத்திணறல் கண்டால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முறிமருந்து உண்டு, தாமதித்தால் அதன் பயன் குறையும்.

எழுத்தறியாத முதியோர் இல்லங்களில் மாத்திரைப் பெட்டியின்மேல் கிழமையை எழுதிக் கொடுத்து, அதை வீட்டாருக்கும் விளக்குவதைத் தங்கள் கடமையாகக் கொள்ளுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.