அயலார் ஒருவர் தனித்து நின்று சமுதாயத்தை மாற்ற இயலுமா?

   

வெளியூரிலிருந்து ஒருவர் வருகிறார், ஊரின் அவலத்தைக் காண்கிறார், ஊரைத் திருத்திவிடுகிறார். கதைகளிலும் திரைப்படங்களிலும் பலமுறை கண்ட அமைப்பு இது. தனியொருவரால் இது கூடுமா என்னும் வினாவிற்குத் தமிழிலக்கியம் தரும் விடை யாது?

முதற்சான்று நம் காஞ்சியிலேயே இருக்கிறது. புகாரில் பிறந்த மணிமேகலை காஞ்சிக்கு அயலூர்ப் பெண். மழை பொய்த்து அந்நகர் பசியால் வாடுவதை வஞ்சியில் தன் பாட்டன் மாசாத்துவான் வாயிலாக அறிகிறாள், அமுதசுரபியை ஏந்தி வருகிறாள், பசிப்பிணி நீங்குகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் தனியொருத்தியின் வெற்றியே. ஆனால், சாத்தனார் காப்பியத்தை அவ்வாறு அமைக்கவில்லை. அப்பாத்திரம் மணிபல்லவத்தில் தீவதிலகை வழிகாட்டக் கிடைத்தது. அதில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை. புகாரில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக வேண்டும் என்று கேட்டவள் மணிமேகலை, ஆணையிட்டவன் அரசன். காஞ்சியில் பொய்கையும் பொழிலும் அமைத்து அவளை வரவேற்றவன் இளங்கிள்ளி. ஏந்திய கை ஒன்று; அதற்குத் துணை நின்ற கைகள் பல.

அமுதசுரபி இல்லாத அயலார் என் செய்வார்? இவ்வினாவை எழுப்பும் புதினம் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையான கொடுமையைப் பின்னணியாகக் கொண்டு எழுந்த இந்நூல், 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தில்லியிலிருந்து தஞ்சைச் சிற்றூருக்கு வரும் கோபால் கற்றவன், நல்லெண்ணம் உடையவன். எனினும், குடிசைகளை எரித்த தீயை அவனால் தடுக்க முடியவில்லை. நல்லெண்ணம் மட்டும் நிலவுடைமையின் வலிமைக்கு ஈடாகாது என்பதைப் புதினம் கசப்போடு காட்டுகிறது.

அப்படியாயின் அயலாரால் பயனே இல்லையா? அதே தஞ்சை மண் மற்றொரு விடையும் தருகிறது. கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ், தமிழ் கற்று, 1940களில் உழவர்களோடு உண்டு உறங்கி அவர்களைச் சங்கமாகத் திரட்டினார். சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிந்தன. ஒழித்தவர்கள் ஒன்றுபட்டு நின்ற அவ்வுழவர்களே. அவர் அவர்களுள் ஒருவராகிவிட்டார்.

இறுதியாக, நம் உத்திரமேரூர். முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் உள்ள குடவோலை முறையைப் போற்றுகிறோம், போற்றத்தக்கதே. ஆயினும், இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அக்குடத்தில் பெயரோலை இருந்தது. பெண்களும், பிறர் நிலத்தில் உழைத்தவர்களும் இதே ஊரில் பிறந்து, இவ்வேரி நீரையே பருகி, சபைக்கு அயலாராய் வாழ்ந்தனர். அயன்மை என்பது தொலைவு மட்டுமன்று, சுவரும் ஆகும்.

அச்சுவரைத் தனி வீரர் எவரும் தகர்க்கவில்லை. பலரின் நெடிய போராட்டத்தின் பின்னரே 1992இல் 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது. 2016இல் தமிழக அரசு உள்ளாட்சிகளில் அதைப் பாதியாக உயர்த்தியது.

எனவே, அயலார் ஒருவர் தொடங்கி வைக்கலாம். முடித்து வைப்போர் ஊராரே. மீட்பர் வருவார் என்று காத்திருக்கும் ஊர் மாறுவதில்லை. தன் அயலாரைத் தன் அவைக்கு அழைக்கும் ஊரே மாறுகிறது. பத்தாண்டு கண்ட இவ்விலக்கிய வட்டமும் இனி எவரை உள்ளே அழைக்கப் போகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.